வட சென்னையில் கார்பன் சமநிலைக் குடியிருப்பு: இடத்தைப் பார்ப்பது முதல் கணக்கை முடிப்பது வரை

எண்ணூர் அனல் மின் நிலையம் 2017ல் மூடப்படும்வரை ஊருக்கெல்லாம் கரன்ட் கொடுத்தது. சாம்பல் இந்தப் பக்கமே விழுந்தது. இப்போது அத்திப்பட்டிலும் வல்லூரிலும் அதே வேலை நடக்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் கார்பன் சமநிலைக் குடியிருப்பு, அதாவது தான் வெளியிடும் கார்பனைத் தானே ஈடுகட்டும் குடியிருப்பு பற்றிப் பேசினால், "ஏற்கெனவே ரெண்டு ஃபேன், ஒரு டிவியோட இருக்கறவங்ககிட்டயா குறைக்கச் சொல்றீங்க?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2050க்குள் சமநிலை என்று சென்னையின் காலநிலைச் செயல்திட்டம் சொல்கிறது. நாடு 2070 என்கிறது. அந்தப் பாரம் வீட்டில் குடியிருப்பவர் தலையில் விழாமல் கட்டடமே சுமக்கும்படி செய்வது வடிவமைப்பாளரின் வேலை.

மொட்டை மாடியில் சோலார் வைத்துவிட்டுப் பெயர்ப்பலகை மாட்டுவதைப் பற்றியது அல்ல இந்த வழிகாட்டி. பழையதை இடிப்பதா, எத்தனை மாடி, எந்த சிமென்ட் என்ற மூன்று முடிவுகளில் பெரும்பகுதி கார்பன் தீர்மானமாகிவிடுகிறது. சோலார் வருவதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

விளக்கத்துக்காக ஒரு கற்பனை மனையை எடுத்துக்கொள்வோம். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை வட்டாரத்தில் ஒரு ஏக்கர், அதாவது சுமார் 4,050 சதுர மீட்டர். 100 வீடுகள், ஒவ்வொன்றும் 40 சதுர மீட்டர் (430 சதுர அடி). படிக்கட்டு, நடைவழி சேர்த்து மொத்தக் கட்டுமானப் பரப்பு 5,200 சதுர மீட்டர். கடைசிவரை இதே மனையில்தான் கணக்குப் போடப்போகிறோம்.

படி 1: பென்சிலை எடுக்குமுன் கணக்கு

ஒரு வீட்டுக்கு மாதம் 150 யூனிட், அதாவது மின்வாரியத்தின் இரண்டு மாதக் கணக்கில் 300 யூனிட் என்று வையுங்கள். 100 வீடுகளுக்கு ஆண்டுக்கு 1,80,000 யூனிட். மோட்டார், மாடிப்படி விளக்கு, லிஃப்ட் எல்லாம் சேர்த்துப் பொதுச் செலவு 15,000. மொத்தம் 1,95,000. இந்திய மின்தொகுப்பில் (கிரிட்) ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு (இங்கே சுருக்கமாகக் கார்பன்) வெளியாகிறது. ஆக, ஆண்டுக்கு ஏறத்தாழ 137 டன்.

சமையல் எரிவாயு: 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று எரிந்தால் சுமார் 42 கிலோ. வீட்டுக்கு ஆண்டுக்கு 8 சிலிண்டர் என்றால் 34 டன்.

அடுத்தது கட்டடம். சாதாரண கான்கிரீட் சட்டக அடுக்குமாடி கட்ட, ஒரு சதுர மீட்டருக்குத் தோராயமாக 300 முதல் 500 கிலோ வரை கார்பன் ஆகும். நடுவில் 400 என்று வைத்தால் 2,080 டன். குடியிருப்பின் 15 ஆண்டு மின்சாரத்துக்குச் சமமான புகை, முதல் குடும்பம் பால் காய்ச்சுமுன்பே வானத்துக்குப் போய்விடுகிறது. அதை அப்புறம் திரும்ப இறக்க முடியாது. பொருட்களுக்கும் மாடிக் கணக்குக்கும் இந்த வழிகாட்டியில் இவ்வளவு இடம் கொடுத்திருப்பது இதனால்தான்.

எதைக் கணக்கில் சேர்க்கிறோம், எதை விடுகிறோம் என்பதை முதல் நாளே எழுதிவையுங்கள். இங்கே மின்சாரம், சமையல், கட்டுமானம் மூன்றும் கணக்கில் உண்டு. பயணத்தையும் குப்பையையும் தண்ணீரையும் வடிவமைப்பில் கவனிக்கிறோம். ஆனால் இந்தக் கூட்டலில் சேர்க்கவில்லை. எல்லையைச் சொல்லாமல் "சமநிலை" என்று அறிவிக்கிற திட்டத்தை நம்பாதீர்கள்.

படி 2: இடிக்கத்தான் வேண்டுமா?

வட சென்னையில் மனை என்றாலே பெரும்பாலும் அங்கே ஏற்கெனவே ஒரு கட்டடம் நிற்கும். குடிசை மாற்று வாரியம் 1970க்குப் பிறகு கட்டிய அடுக்குகள், மில் காலத்துக் குடியிருப்புகள், வண்ணாரப்பேட்டையின் ஒட்டுச்சுவர் வீடுகள். "பழசு, இடிச்சிடலாம்" என்று சொல்வது சுலபம். அடித்தளம், தூண், தளம் இவற்றில்தான் கட்டடத்தின் கார்பனில் பாதிக்கு மேல் இருக்கிறது. எலும்புக்கூடு உறுதியாக இருந்தால் அதை வைத்துக்கொண்டு சுவர், கழிவறை, குழாய், ஜன்னல் ஆகியவற்றை மட்டும் மாற்றுவதே இருப்பதிலேயே பெரிய சேமிப்பு.

உறுதியாக இருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யக்கூடாது. ஒரு எளிய சோதனை இருக்கிறது. தூணின் ஓரத்தில் உளியால் கொஞ்சம் கான்கிரீட்டைப் பெயர்த்து, தூசியை ஊதிவிட்டு, அந்தப் புது முகத்தில் ஃபீனால்ஃப்தலீன் கரைசலைத் தெளியுங்கள். நல்ல கான்கிரீட் சட்டென்று அடர்ந்த ரோஸ் நிறமாக மாறும். வெளிப்பக்கம் ஒரு பட்டை மட்டும் நிறமே மாறாமல் சாம்பலாக நிற்கும். அந்தப் பட்டையில் காரத்தன்மை போய்விட்டது என்று பொருள். அது கம்பிவரை வந்துவிட்டதா என்பதுதான் கேள்வி. வராமல் ஒரு விரல்கடை தூரத்தில் நின்றால் அந்தத் தூணுக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது. கடலோரத்தில் இது மட்டும் போதாது. உப்பும் உள்ளே போயிருக்கும். குளோரைடு அளவு, கான்கிரீட்டைத் துளைத்து உருளைத் துண்டு (கோர்) எடுத்து வலிமைச் சோதனை, கம்பியின் அரிப்பு நிலை என மூன்றையும் கட்டமைப்புப் பொறியாளரை வைத்துப் பாருங்கள். காசிமேட்டுக் கரையில் நிற்கும் கட்டடமும் பெரம்பூரில் நிற்கும் கட்டடமும் ஒரே வயதாக இருந்தாலும் ஒரே நிலையில் இருக்காது.

மோசமாக இருந்தால் இடியுங்கள். உயிரைப் பணயம் வைத்துக் கார்பன் மிச்சம் பிடிக்க வேண்டாம். ஆனால் இடித்ததைக் கால்வாயோரம் கொட்டவிடாதீர்கள். செங்கல், கான்கிரீட், கம்பி, கதவு என்று தனித்தனியாகப் பிரித்து இறக்கச் சொல்லி ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். கட்டட இடிபாடுகளைப் பதப்படுத்தும் மாநகராட்சி ஆலை கொடுங்கையூரிலேயே இருக்கிறது. அடித்தள மட்டத்தை உயர்த்தத் தேவையான நிரப்புப் பொருளும் இடிபாட்டிலிருந்தே கிடைத்துவிடும். செங்குன்றம் பக்கத்திலிருந்து லாரி லாரியாக மண் வரவேண்டியதில்லை.

படி 3: இடத்தின் குணம்

இருக்கிற மக்களை அங்கேயே வைத்திருங்கள். இது சமூக நீதி மட்டுமில்லை, கார்பன் கணக்கும்கூட. தண்டையார்பேட்டையில் வேலை பார்ப்பவரை நகரின் தெற்கே இருக்கிற பெரும்பாக்கத்தில் குடிவைத்தால், இருசக்கர வண்டியில் போக வர சுமார் 55 கிலோமீட்டர். ஆண்டுக்கு 300 நாள், லிட்டருக்கு 45 கிலோமீட்டர் என்றால் 365 லிட்டருக்கு மேல் பெட்ரோல். அதிலிருந்து 840 கிலோ கார்பன். ஒரு சின்ன வீட்டின் ஆண்டு மின்சாரப் புகைக்கு ஏறத்தாழச் சமம். அவ்வளவு தூரத்தில் என்ன பச்சைக் கட்டடம் கட்டினாலும் அந்தப் பெட்ரோல் தின்றுவிடும். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர்வரை 2021லிருந்து மெட்ரோ ஓடுகிறது. கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் பக்கத்திலேயே இருக்கிறது. மின்சாரப் பேருந்துகளும் வியாசர்பாடி பணிமனையிலிருந்து கிளம்புகின்றன. நிலையத்துக்குப் பத்து நிமிட நடை தூரத்தில் குடியிருப்பு இருந்தால், கார் நிறுத்த ஒதுக்கும் இடத்தை விதி அனுமதிக்கும் குறைந்தபட்ச அளவோடு நிறுத்திக்கொள்ளலாம். மீன்பாடி வண்டிக்கும் சைக்கிளுக்கும் தள்ளுவண்டிக்கும் இடம் விடுங்கள். இங்கே அவைதான் பிழைப்பு.

அப்புறம் தண்ணீர் எங்கே நிற்கும் என்று பாருங்கள். பக்கிங்காம் கால்வாய், கேப்டன் காட்டன் கால்வாய், ஓட்டேரி நல்லா கால்வாய் ஆகியவற்றுக்குப் பக்கத்து மனை என்றால் 2015 வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் எந்த மட்டம்வரை வந்தன என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். சுவரில் கறை இருக்கும். டீக்கடைக்காரர் கையைக் காட்டியே சொல்லிவிடுவார். அந்த மட்டத்துக்கு மேலே வீட்டுத் தளமும் மின்சாரப் பெட்டியும் இருக்க வேண்டும். வெள்ளத்துக்குப் பயந்து முழுத் தரைத்தளத்தையும் தூண் மேல் தூக்கிவிட்டு வண்டி நிறுத்தமாக்குவது எனக்கு ஒப்பவில்லை. கான்கிரீட் கூடுகிறது, கீழே ஆள் நடமாட்டம் செத்துப்போகிறது, வயதானவர்கள் மாடி ஏற வேண்டியிருக்கிறது. மூன்று, நான்கு அடி மேடும் சாய்தளமும் போதுமான இடங்களே அதிகம்.

மூன்றாவது, காற்று. இயற்கைக் காற்றோட்டத்தை நம்பி வடிவமைக்கப்போகிறோம். அந்தக் காற்று மணலியின் ஆலைகளைத் தொட்டு வருகிறதா, கொடுங்கையூர்க் குப்பைமேட்டைத் தொட்டு வருகிறதா, கன்டெய்னர் லாரி போகிற சாலைத் தூசியோடு வருகிறதா? கோடையில் காலையில் மேற்குக் காற்று, மதியத்துக்கு மேல் கடற்காற்று. துணி காயப்போட்டால் எந்தப் பக்கம் கருப்புப் படிகிறது என்று அங்குள்ள பெண்களைக் கேளுங்கள், எந்த வானிலை வரைபடத்தையும்விடத் துல்லியமாகச் சொல்வார்கள். லாரிச் சாலைப் பக்கம் படிக்கட்டும் கழிவறையும் மரவரிசையும் போகட்டும். படுக்கையறையை அந்தப் பக்கம் வைக்காதீர்கள்.

படி 4: எத்தனை மாடி?

பலர் சறுக்குவது இந்தப் படியில்தான். உயரமாகக் கட்டினால் நிலம் மிச்சமாகும், பச்சை அதிகமாகும் என்று படத்தில் அழகாகத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

5,200 சதுர மீட்டரைத் தரைத்தளம் சேர்த்து நான்கு தளங்களாகக் கட்டினால் மொட்டை மாடி 1,300 சதுர மீட்டர். முழுக்கக் கூரைபோல் சோலார் போட்டால், கிலோவாட்டுக்கு 10 சதுர மீட்டர் கணக்கில் 130 கிலோவாட். சென்னையில் ஒரு கிலோவாட் ஆண்டுக்கு 1,400 யூனிட் தாராளமாகத் தரும். மொத்தம் 1,82,000 யூனிட். அதே பரப்பைப் பத்து மாடியாக்கினால் மொட்டை மாடி 520 சதுர மீட்டராகச் சுருங்குகிறது. 52 கிலோவாட், சுமார் 73,000 யூனிட். அதோடு லிஃப்ட், தீயணைப்பு மோட்டார், மேலே தண்ணீர் ஏற்றும் செலவு எல்லாம் கூடும். தூண் பருக்கும், அடித்தளம் ஆழமாகும்.

நான்கு மாடியில் நிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் கட்டடம் நிற்கிறது. மீதி தெரு, முற்றம், மரம், விளையாட்டு. ஆகவே இந்த மாதிரி மனைக்கு என் பதில் நான்கு தளம்தான். முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள் உள்ள குடும்பங்களுக்குத் தரைத்தளத்தை ஒதுக்குங்கள். லிஃப்ட் ஒன்றுக்கான இடத்தையும் முதலிலேயே விட்டுவையுங்கள்.

படி 5: வெயிலும் காற்றும்

கட்டடத்தின் நீண்ட முகங்கள் வடக்கும் தெற்கும் பார்க்க வேண்டும் என்று எல்லாப் பாடத்திலும் சொல்வார்கள். கிழக்கும் மேற்கும் தாழ்ந்த வெயிலை வாங்கும் என்பதால் அது சரிதான். ஆனால் நம் கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வருகிறது. இரண்டுக்கும் ஒரு சமாதானம் செய்யலாம். தெற்கு முகத்தைக் கொஞ்சம் தென்கிழக்காகத் திருப்புங்கள். காற்று நேராக வராமல் சாய்வாக வந்தாலும் ஜன்னலுக்குள் நுழையும், எதிர்ச்சுவரில் வெளியேற வழி இருந்தால். அந்த வழிதான் நம் அடுக்குமாடிகளில் இருப்பதில்லை. நடுவில் இருட்டு நடைவழி, இருபுறமும் முதுகு ஒட்டிய வீடுகள் என்று கட்டினால் ஒரு வீட்டுக்கும் எதிர்க்காற்று கிடையாது. நடைவழியை ஒரு ஓரத்தில் திறந்த வராந்தாவாக வையுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு முகம் கிடைக்கும். வராந்தா நிழலும் தரும், திண்ணையாகவும் ஆகும். சாயங்காலம் கேரம் போர்டு அங்கேதான் வரும்.

சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சி வெயில் வடக்குப் பக்கமிருந்து அடிக்கிறது. கத்திரி வெயில் முழுக்க இந்தக் காலத்தில்தான் வருகிறது. வடக்குச் சுவருக்கு வெயிலே வராது என்று நினைத்து அங்கே சன்ஷேடு வைக்காமல் விடுவது வடநாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக் கட்டுவதுதான். நான்கு அடி உயர ஜன்னல் என்றால் வடக்கில் முக்கால் அடி முதல் ஒரு அடி சன்ஷேடும், காலை மாலைச் சாய்வெயிலைத் தடுக்க இரு பக்கமும் செங்குத்து மறைப்பும் தேவை. தெற்கில் டிசம்பர் உச்சி வெயில்வரை முழுக்க மறைக்க மூன்று அடி வேண்டும். அந்த மாதத்தில் வெயில் யாருக்கும் பாரமில்லை என்பதால் இரண்டடி போதும். மேற்கில் கழிவறை, படிக்கட்டு, துணி காயப்போடும் பால்கனி என்று மறைப்பாக வேலை செய்பவற்றைக் குவியுங்கள்.

குடியிருப்புகளுக்கான மத்திய அரசின் எரிசக்தி விதித்தொகுப்பான எக்கோ நிவாஸ் சம்ஹிதா, நம்மைப் போன்ற வெப்ப ஈரப் பகுதிகளில் தரைப்பரப்பில் 16.66 விழுக்காடாவது திறக்கக்கூடிய ஜன்னல் கதவுப் பரப்பு வேண்டும் என்கிறது. நம் 40 சதுர மீட்டர் வீட்டுக்கு 6.7 சதுர மீட்டர். "திறக்கக்கூடிய" என்பதைக் கவனியுங்கள். அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல் எப்போதும் பாதிதான் திறக்கும். சிக்கனம் என்று அதைப் போட்டுவிட்டால் கணக்கில் பாதி போச்சு. கீல் வைத்த பழைய மாதிரி ஜன்னலே நல்லது. கால்வாய்ப் பக்கம் கொசுவலை இல்லாமல் யாரும் ஜன்னல் திறக்கமாட்டார்கள். வலை காற்றைக் கணிசமாகக் குறைக்கும் என்பதால் குறைந்தபட்சத்துக்கு மேலேயே பரப்பு கொடுங்கள். ராத்திரி திறந்துவைத்துத் தூங்கக் கம்பிக்கிராதியும், கதவுக்கு மேல் காற்றுப்பலகையும் வேண்டும். இவ்வளவும் இருந்தால் ஏசி வாங்கும் ஆசை சில ஆண்டுகள் தள்ளிப்போகும். ஆசையே வராது என்று நான் சொல்லமாட்டேன். மே மாதப் புழுக்கத்தில் கைக்குழந்தை இருக்கிற வீட்டில் ஏசி ஆடம்பரம் இல்லை. ஒரு அறைக்கு மட்டும் ஏசி வைக்கும்படி வயரிங்கும் வெளிப்பெட்டிக்கு நிழலான இடமும் வைத்துவிடுங்கள்.

மேல்மாடி வீட்டுக்குத் தளம்தான் அடுப்பு. வெள்ளை ஓடு, அதற்கு மேல் இரண்டரை மீட்டர் உயரத்தில் சோலார் பந்தல் என்று இரட்டைக் காப்பு கொடுத்தால் தளம் அதிகம் சூடாகாது. பந்தலுக்குக் கீழே துணியும் வற்றலும் காயப்போட ஓரத்தில் கொஞ்சம் திறந்த இடமும் விடுங்கள்.

படி 6: சிமென்ட், கம்பி, செங்கல்

முதலில் குறையுங்கள், அப்புறம் மாற்றுங்கள். தூண்களுக்கு இடையே 3 முதல் 3.5 மீட்டர் வைத்தால் தளம் மெல்லிசாகப் போகும். எல்லா மாடியிலும் தூணும் சுவரும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கட்டும். முகப்பு அழகுக்காக நீட்டிய பகுதிகளை வெட்டுங்கள். இந்த ஒழுங்குக்குப் பணம் செலவில்லை.

அப்புறம் சிமென்ட். சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது அதிலிருந்தே கார்பன் வெளியேறுவதால், சிமென்டின் மூலப்பொருளான கிளிங்கர் ஒரு டன்னுக்கு 0.8 டன்னுக்கு மேல் ஆகிறது. கிளிங்கரைக் குறைப்பதே வழி. சாம்பல் கலந்த பிபிசி சிமென்டில் 35 விழுக்காடுவரை சாம்பல் சேர்க்கலாம். இரும்பு உலைக் கசடு சேர்த்த ஸ்லாக் சிமென்டில் 70 விழுக்காடுவரை கசடு இருக்கலாம். கடலோர வட சென்னைக்கு என் முதல் தேர்வு ஸ்லாக் சிமென்ட். கார்பன் குறைவு என்பது ஒரு காரணம். உப்பு கம்பிவரை ஊடுருவுவதை அது நன்றாகத் தடுக்கும் என்பது அதைவிடப் பெரிய காரணம். 30 ஆண்டில் இடிக்கவேண்டிய கட்டடத்தை 60 ஆண்டு நிற்கவைத்தால் கார்பன் பாதியாகிறது. சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் சேர்த்த எல்சி3 வகைக்கும் 2023ல் இந்தியத் தர நிர்ணயம் வந்துவிட்டது. சென்னை ஐஐடி உட்பட நம் ஆய்வகங்கள் அதில் நிறைய வேலை செய்திருக்கின்றன. கடையில் கிடைத்தால் பயன்படுத்துங்கள்.

இந்த சிமென்டுகளில் ஒரு சங்கடம் உண்டு. முதல் வாரத்தில் வலிமை மெதுவாகத்தான் ஏறும். ஒப்பந்ததாரர் சென்ட்ரிங் பிரிக்க அவசரப்படுவார், ஏனென்றால் பலகைக்கு நாள் வாடகை ஓடுகிறது. மேஸ்திரி தளத்தின் மேல் கலவையால் சின்னச் சின்னப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவார். மூன்று நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் தெற்கு ஓரத்துப் பாத்தி காய்ந்து வெடித்திருக்கும். தூணைச் சுற்றிய சாக்கு மேலே ஈரமாகவும் கீழே வறண்டும் இருக்கும். 14 நாள் நனைப்பதற்குத் தனியாக ஒரு ஆளும், அவருக்குத் தனிக் கூலியும் மதிப்பீட்டிலேயே வையுங்கள். அது இல்லாவிட்டால் நல்ல சிமென்டும் வீண்தான். கடலோரத்துக்கு எம்30 தரக் கான்கிரீட்டும் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் காப்பும் வேண்டும் என்று இந்தியக் கான்கிரீட் தர விதியான ஐஎஸ் 456 சொல்கிறது. அந்த இடைவெளிக்காகக் கம்பிக்கும் பலகைக்கும் நடுவே வைக்கும் கவர் பிளாக்கைச் சரியான அளவில் வைக்கிறார்களா என்று கான்கிரீட் கொட்டுமுன் நீங்களே பாருங்கள். புளியந்தோப்பு அடுக்குமாடியில் 2021ல் பூச்சு உதிர்ந்து ஊரே பேசியது நினைவிருக்கும். தரமில்லாத கட்டடத்துக்குப் பச்சைச் சான்றிதழ் வாங்கி என்ன பயன்?

சுவருக்குச் சாம்பல் செங்கல். அனல் மின் நிலையத்திலிருந்து 300 கிலோமீட்டருக்குள் நடக்கும் கட்டுமானங்களில் சாம்பல் பொருட்களைப் பயன்படுத்தவேண்டும் என்று மத்திய அரசின் 2021 அறிவிக்கையே சொல்கிறது. நமக்கோ சாம்பல் பக்கத்துத் தெரு மாதிரி. சுடாத கல் என்பதால் சூளைப் புகை இல்லை. கொத்தனார் பழகியவராக இருந்தால் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டு முறையில் செங்கலைப் பக்கவாட்டில் நிறுத்திக் கட்டுங்கள். கல் கால்பங்கு மிச்சம். நடுவில் காற்று நிற்பதால் சூடும் குறையும். ஒரே ஒரு கட்டளை: கலவையில் கடல் மணல் ஒரு கூடைகூட வரக்கூடாது.

கம்பி, கதவு பற்றிச் சுருக்கமாக. பழைய கம்பியை உருக்கிச் செய்த கம்பியில் கார்பன் குறைவு. ஆனால் தரச் சான்று இல்லாமல் வாங்காதீர்கள். இடித்த வீடுகளின் பர்மா தேக்குக் கதவு, ஜன்னல்கள் கிடைத்தால் விடாதீர்கள்.

இவ்வளவும் சேர்ந்தால் கட்டுமானக் கார்பனில் 30 விழுக்காடு குறைப்பது நடக்கக்கூடிய இலக்கு. 2,080 டன் ஏறத்தாழ 1,450 டன் ஆகும். 50 ஆண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 29 டன்.

படி 7: வீட்டுக்குள்

சாதாரண மின்விசிறி 75 வாட் இழுக்கும். மின்சாரம் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி மோட்டார் விசிறி 30 வாட். வீட்டுக்கு மூன்று விசிறி, ஒவ்வொன்றும் தினம் சுமார் பத்து மணி நேரம் ஓடுகிறது என்று வையுங்கள். விசிறியைக் குடியிருப்போர் வாங்கிக்கொள்ளட்டும் என்று விடாமல் கட்டடச் செலவிலேயே மாட்டிக் கொடுங்கள். வீட்டுச் செலவு மாதம் 110 யூனிட்டுக்கு வந்துவிடும். பொதுச் செலவையும் 12,000 ஆக்கினால் மொத்தம் 1,44,000 யூனிட்.

சமையலில்தான் எல்லோரும் இண்டக்ஷன் என்று சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். 8 சிலிண்டர் செய்யும் வேலையை இண்டக்ஷன் அடுப்பு செய்ய ஆண்டுக்குச் சுமார் 980 யூனிட் ஆகும். இன்றைய நிலக்கரி மின்சாரத்தில் அது ஏறத்தாழ 690 கிலோ கார்பன். சிலிண்டரில் 340 கிலோதான்! மின்தொகுப்பு இன்றைக்கு இருப்பதில் பாதி அளவுக்குச் சுத்தமானால்தான் இண்டக்ஷன் ஜெயிக்கும். அது வரத்தான் போகிறது. அதனால் சமையலறைக்குத் தனி வயரும் 16 ஆம்பியர் பிளக்கும் இப்போதே போட்டுவையுங்கள்; அடுப்பை மாற்ற அவசரப்படாதீர்கள். வியாசர்பாடியில் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடைக்கு வீட்டிலேயே தயார் செய்பவர்களும், தெருமுனை இட்லிக்கடைக்காரர்களும் பெரிய அடுப்பை நம்பி இருக்கிறார்கள். அவர்களைக் கேட்காமல் எரிவாயுக் குழாயை வரைபடத்திலிருந்து அழிக்க வேண்டாம்.

படி 8: சோலார்

130 கிலோவாட் பந்தல். சென்னைக்கு அடிப்படைக் காற்றுவேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். வர்தா புயல் வந்த ஊர் இது. பந்தலின் கால்கள் கட்டடத் தூண்களின் மேலேயே உட்கார வேண்டும். தளத்தில் போல்ட் அடித்து நிறுத்தாதீர்கள். துருப்பிடிக்காதபடி துத்தநாகம் தோய்த்த இரும்பு போடுங்கள். நிலக்கரித் தூசியும் லாரிப் புழுதியும் படியும் ஊர் என்பதால் கழுவ நடைபாதையும் குழாயும் பந்தலோடு வரவேண்டும். கழுவாத தகட்டை நம்பிக் கணக்கு எழுத முடியாது.

பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. தனி வீட்டுக்கு 2 கிலோவாட்வரை கிலோவாட்டுக்கு 30,000. 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் மொத்தம் 78,000. ஒரே மாடியில் விளைகிற மின்சாரத்தை 100 மீட்டருக்கு எப்படிப் பங்கிடுவது என்பது வடிவமைப்பின்போதே தீர்க்கவேண்டிய சிக்கல். மின்வாரியச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் முதலிலேயே பேசி, மீட்டர் அறையை அதற்கேற்ப அமையுங்கள்.

1,82,000 விளைச்சலில் 1,44,000 செலவு போக 38,000 யூனிட் மிச்சம். அது சுமார் 27 டன் நிலக்கரிப் புகையைத் தவிர்க்கிறது. கட்டடத்தின் ஆண்டுப் பங்கான 29 டன்னை ஏறக்குறைய அடைத்துவிட்டோம்.

படி 9: தண்ணீரும் குப்பையும்

மீஞ்சூர் கடல்நீர் ஆலையிலிருந்து வரும் தண்ணீரிலும் மின்சாரம் ஒளிந்திருக்கிறது. கடல்நீரை நன்னீராக்க ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் ஆகும். 1,300 சதுர மீட்டர் மாடியில் சென்னையின் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழையைப் பிடித்தால், வீணாவது போக ஆண்டுக்கு 14 லட்சம் லிட்டருக்கு மேல். வீட்டுக்கு நான்கு பேர் என்று 400 பேருக்கு ஏறத்தாழ ஒரு மாதத் தண்ணீர். அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும் என்பதால் சம்ப் நிரம்பியதும் மீதியை நிலத்துக்குள் விடுங்கள். உப்பேறிய நிலத்தடி நீருக்கு அதுவே மருந்து. குளியல் நீரைக் கல்வாழைப் பாத்தி வழியாகவிட்டு மரங்களுக்குப் பாய்ச்சலாம். பாதாளச் சாக்கடை ஓடும் தெருவில் 100 வீட்டுக்காகத் தனிக் கழிவுநீர் ஆலை கட்டி இரவு பகலாக மோட்டார் ஓட்டுவது, விதி கட்டாயப்படுத்தாதவரை வேண்டாம்.

ஈரக் குப்பை வளாகத்தைவிட்டு வெளியே போகக்கூடாது. குப்பைமேட்டில் அழுகினால் மீத்தேன் வரும். நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப்போல் 28 மடங்குக்குக் குறையாமல் சூடேற்றும். கொடுங்கையூர்க்காரர்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. மீன் கழிவு அதிகமான இடத்தில் திறந்த உரக்குழி நாறும். மூடிய சாண எரிவாயுக் கலன் வைத்து, வரும் வாயுவைப் பொதுச் சமையலறைக்கோ வாசல் டீக்கடைக்கோ கொடுங்கள்.

படி 10: மீதியை அடைப்பது

சிலிண்டரின் 34 டன்னும், கட்டடக் கணக்கில் நின்றுபோன 2 டன்னுக்குச் சற்று மேலும் சேர்த்தால் 36 டன்னுக்கு மேல். முழு எண்ணாக 37 டன் பாக்கி என்று வையுங்கள். மரம் நட்டுச் சரிசெய்யலாம் என்பார்கள். வளர்ந்த மரம் ஒன்று ஆண்டுக்குத் தோராயமாக 20 கிலோ எடுத்துக்கொள்ளும். 37 டன்னுக்கு 1,850 மரம் வேண்டும். நம் ஏக்கரில் அறுபது நின்றாலே பெரிது. அந்த அறுபதையும் நிழலுக்காக நடுங்கள்: புங்கன், பூவரசு, புன்னை, வேம்பு. தூங்குமூஞ்சியும் குல்மொஹரும் வர்தாவில் எப்படிச் சாய்ந்தன என்று பார்த்தோமே.

பாக்கியை அடைக்க 53,000 யூனிட் சுத்தமான மின்சாரம் தேவை. சுமார் 38 கிலோவாட், 380 சதுர மீட்டர் கூரை. பக்கத்துப் பள்ளிக்கூட மாடி, மீன் சந்தைக் கூரை, சமுதாயக் கூடம் என்று அதே வார்டில் தேடுங்கள். எங்கோ யாரோ விற்கும் கார்பன் சான்றிதழை வாங்கினால் வட சென்னைக்கு ஒன்றும் மிஞ்சாது. பள்ளிக்கூட மாடியில் போட்டால் பள்ளியின் கரன்ட் பில்லாவது குறையும்.

படி 11: சாவியைக் கொடுத்தபின்

தெற்கு லண்டனில் 2002ல் முடிந்த பெட்செட் (BedZED) என்ற கார்பன் சமநிலைக் குடியிருப்பு உலகப் புகழ் பெற்றது. அங்கே மரச்சில்லுகளை எரித்து மின்சாரமும் வெந்நீரும் தர அமைத்த இயந்திரம் சரியாக ஓடாமல், எரிவாயுக் கொதிகலனுக்கு மாறவேண்டியதாயிற்று. காப்பு, வெளிச்சம் போன்ற எளிய வடிவமைப்பு நின்றது; சிக்கலான இயந்திரம் நிற்கவில்லை. நம் குடியிருப்பில் உள்ளூர் எலக்ட்ரீஷியனும் பிளம்பரும் பழுதுபார்க்க முடியாத எதையும் வைக்காதீர்கள்.

குடியிருப்போர் சங்கத்துக்கு மூன்று வேலைகளை எழுத்தில் கொடுங்கள். வாரம் ஒருமுறை தகடு கழுவுதல். புரட்டாசி முடியுமுன் மழைநீர்க் குழாயும் வடிகட்டியும் சுத்தம் செய்தல். ஆண்டுக்கொருமுறை வெளிச்சுவரில் விரிசல், துருக்கறை பார்த்து உடனே அடைத்தல். கழுவுகிறவருக்குச் சம்பளத்தைச் சோலாரில் மிச்சமாகும் பணத்திலிருந்து ஒதுக்குங்கள். பொது மீட்டர், சோலார் மீட்டர் அளவுகளை மாதாமாதம் கீழ்த்தள அறிவிப்புப் பலகையில் எழுதட்டும். முதல் ஆண்டு முடிந்ததும் படி 1ன் தாளை எடுத்து, ஊகித்த எண்களுக்குப் பக்கத்தில் நிஜ எண்களை எழுதுங்கள். மின்தொகுப்பின் 0.7ம் ஆண்டுக்காண்டு மாறும். மத்திய மின்சார ஆணையம் வெளியிடும் புது எண்ணைப் போட்டு மறுபடி கூட்டுங்கள். பாக்கி வந்தால் அடுத்த கூரை எது என்று சங்கக் கூட்டத்தில் முடிவு செய்யலாம்.